இரண்டாம் பதிவு

பிரசவ வார்டு ஓய்வறை மேசையில் தன் கைப்பேசியை வைத்து, ஒலியைக் கூட்டினாள் அந்த நர்ஸ்.

"கத்தாதட்டி. புருசன்கூடப் படுக்கும்போது இனிச்சுதுல்லா? இப்ப மட்டும் வலிக்கோ?"

பதிவில் ஒரு பெண் அலறினாள். தொடையில் அடி விழுந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நர்ஸுகளின் கைகள் நின்றன. பிரசவ அறையில் எல்லோரும் பேசுகிற பேச்சுதான். வெளியே எடுத்து வைத்து யாரும் கேட்டதில்லை.

"யாரக் காட்டிக்குடுக்கப் பாக்க?" ஹெட் நர்ஸ் அமலோற்பவம் டிபன் டப்பாவை மூடினார்.

"இதுல பேசுறது நான்தான் சிஸ்டர். அடிச்சதும் நான்தான்."

பயிற்சிக்குப் போன இடத்தில் செயலாய்வு என்று சொல்லித் தந்திருந்தார்கள். உன் வேலையை நீயே உற்றுப் பார். ஒன்றை மாற்று. மாற்றிவிட்டு மறுபடி பார்.

பிரசவத்துக்கு வந்த அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டுத்தான் பதிவு செய்தாள். பதிவு ஓடுவது தெரிந்தேதான் அப்படிப் பேசினாள். வீட்டில் பதிவைப் போட்டுக் கேட்டபோது அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பேசும்போது தவறென்றே தோன்றவில்லை.

"இனி திட்டப்போறதில்ல. கை வைக்கவும் மாட்டேன். அடுத்த மாசம் மறுபடி பதிவு பண்ணுவேன்."

"அப்ப நாங்கல்லாம் ராட்சசிங்க."

அவள் பதில் சொல்வதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவளோடு யாரும் பேசவில்லை.

எல்லோருக்கும் டீ வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் நுழைந்தால், "ஆராய்ச்சி வந்துட்டு" என்று ஒரு குரல் எழும். பிறகு அறை அமைதியாகிவிடும்.

சிக்கலான பிரசவங்கள் அவள் பக்கம் தள்ளப்பட்டன. உதவிக்குக் கூப்பிட்டால் ஆள் மெதுவாக வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திட்டவில்லை.

அடுத்த மாதம், புதிய பதிவை அதே மேசையில் வைத்தாள். அவள் தோற்பதைப் பார்க்கவே எல்லோரும் கூடினார்கள்.

வசவு இல்லை. அடி இல்லை. தட்டில் கத்தரிக்கோல் விழும் ஓசை. முனகல். கடைசியில் குழந்தையின் அழுகை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"திருப்பிப் போடு" என்றார் அமலோற்பவம்.

போட்டாள்.

"அந்தப் பிள்ள கேக்கா பாரு. 'சிஸ்டர், கொழந்த நல்லாருக்கா'ன்னு. திரும்பத் திரும்பக் கேக்கா. நீ எங்க போயிருந்த?"

அவள் எங்கும் போகவில்லை. அந்தக் கட்டிலருகே குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுறவளுக்காச்சும் வாய் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. அறை காலியானது.

மறுபடி ஓட விட்டாள். கேள்வி வந்தது. அதன் பின்னால் அவளுடைய மௌனம். முதல் பதிவில் கேட்ட வசவைப் போலவே இருந்தது அது.

பிரசவ அறையிலிருந்து மணி அடித்தது.

பிரசவத்துக்குப் புதிதாக வந்தவள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"சிஸ்டர், பயமா இருக்கு."

இத்தனை வருடங்களாக இதற்கு ஒரு பதில் தானாக வந்து விழும். இப்போதும் நாக்கு வரை வந்தது. விழுங்கினாள். அதற்குக் கீழே வேறு எந்தச் சொல்லும் இல்லை.

வாசலில் அமலோற்பவம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணில் இரக்கம் இல்லை.

"எனக்கும்தான்" என்றாள், கட்டிலில் இருந்தவளிடம். "உங்க பேரு என்னம்மா?"

கம்பியைப் பிடித்திருந்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வலி வருவதற்குள், அவசரமாகப் பேரைச் சொன்னாள்.