சத்தம் போடும் பேனா

“இதுலயும் சத்தமே வரலையே,” என்று அந்தப் பெண் பேனாவைத் திருப்பி வைத்தாள்.

பேனாக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. வழுக்கிக்கொண்டு ஓடும், சத்தமே கேட்காது என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் இத்தனை காலமும் வியாபாரம் செய்திருக்கிறார். அதையே குறையாகச் சொல்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

“உங்களுக்கு என்னதாம்மா வேணும்?”

“என் மாமனாருக்குங்க. தினமும் எழுதுறவர், அதனால விலை கம்மியா, கைக்கு லேசா இருக்கணும். எழுதும்போது சத்தம் காதுல விழணும்.”

“பால் பாயிண்ட் கொடுத்துடலாமே.”

“அழுத்தி எழுதினா விரல் வலிக்குதுங்கிறார். இங்க் பேனாதான் வேணும். பழசு நல்லா வழுக்கிட்டு ஓடும், ஆனா நேத்து ஏமாத்திடுச்சு. அதை மறுபடி அவர் கையில கொடுக்க எனக்கு மனசு வரலைங்க.” அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “சாப்பிட்டுப் படுத்திருக்கார். எழுந்ததும் பேனாவைத்தான் தேடுவார். அதுக்குள்ள புதுசோட நான் வீட்டுல இருக்கணும்.”

கடைக்காரருக்கும் வயிறு கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குக் கிளம்பலாம் என்று ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் குனிந்து உள்ளே நுழைந்தவள் இவள். நாற்காலியைக் காட்டினால் உட்காரவில்லை. கால் மாற்றி நின்றுகொண்டு கண்ணாடிப் பெட்டியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

இன்னும் நாலைந்து பேனாக்களை எடுத்துப் பரப்பினார். அவள் ஒன்றை எடுத்து, மை தொடாமல் வெறும் நிப்பால் கிறுக்கினாள். பிறகு மைக்கூட்டில் முக்கிக் கிறுக்கினாள். இரண்டு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“நல்லா இருக்கு கூத்து,” என்று முணுமுணுத்துக்கொண்டார் கடைக்காரர். “சரி, என்ன கலர் மை போடட்டும்?”

“எதுவா இருந்தாலும் சரிங்க.”

அப்போது கடைக்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் வீட்டிலும் ஒரு மருமகள் இருக்கிறாள். பிஸ்கட் டப்பாவின் மூடியை எவ்வளவு நைசாகத் திருகினாலும் போதும், “மாமா, சர்க்கரை” என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்துவிடும். இவளும் அந்த ரகம்தான். பெரியவர் எழுதுகிறாரா, வேறு ஏதாவது செய்கிறாரா என்று அடுப்படியில் நின்றபடியே வேவு பார்க்க, பேனாவுக்கு மணி கட்டப் பார்க்கிறாள்.

யாரென்றே தெரியாத அந்த மாமனார் மேல் அவருக்கு ஒரே பாவமாகப் போய்விட்டது.

“வீட்டுல பெரியவங்களைக் கொஞ்சம் நிம்மதியா விடணும்மா,” என்றார். “எந்நேரமும் காதைத் தீட்டி வச்சுக்கிட்டே இருந்தா அவங்களும் என்னதான் செய்வாங்க?”

அவள் முகம் சுருங்கியது. பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தவள் கடிகாரத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். “நேரமாச்சுங்க. வேற இருந்தா காட்டுங்க.”

வேறு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கரகரக்கிறது என்று வாங்கியவர்களே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன மலிவுப் பேனா, கீழ் இழுப்பறையில் கிடந்தது. வேண்டாவெறுப்பாக அதைத் துடைத்து நீட்டினார்.

“தாளைப் பொறுத்தும் சத்தம் மாறும். அவர் எதுல எழுதுவார்?”

அவள் கக்கத்தில் இடுக்கியிருந்த ஃபைலைப் பிரித்து, மேலாக ஒரு தாளை உருவினாள். “அவரோட தாள்தான். வந்த அவசரத்துல அப்படியே அள்ளிட்டு வந்துட்டேன்.”

மை தொடாத நிப், கோழி குப்பையைக் கிளறுவது போலக் கரகரவென்றது. மையில் முக்கியதும் சத்தம் பாதியாக அடங்கிப்போனது. மறுபடி நிப்பைத் துடைத்துவிட்டுக் கிறுக்கினாள், மறுபடி கரகரத்தது. அவள் கண்ணைத் திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“இதுதாங்க. இதையே கொடுத்துடுங்க.”

ஊரே ஒதுக்கிய பேனாவை ஒருத்தி இவ்வளவு ஆசையாக வாங்குகிறாளே என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. மை நிரப்பி, எழுதிப் பார்க்காமல் அவர் எந்தப் பேனாவையும் கடையை விட்டு அனுப்பியதில்லை. அவள் கொடுத்த தாள் முழுக்கக் கிறுக்கலாகிவிட்டதால், ஃபைலுக்குள் கைவிட்டு அடியிலிருந்து இன்னொன்றை உருவினார்.

அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “அதுல வேணாங்க.”

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. தாளை விளக்கடியில் முன்னும் பின்னும் திருப்பினார். வரிவரியாக லேசான கீறல் இருந்ததே தவிர, ஒரு பொட்டு மை இல்லை. “ஒண்ணுமே எழுதாத தாளுக்கா இந்தப் பாடு?”

அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, கசங்காமல் ஃபைலுக்குள் வைத்தாள். கண் நிறைந்திருந்தது.

“கண்ணு தெரியாத மனுஷர் நேத்து முழுக்க எழுதினதுங்க அது.”