ராணியின் நாய்

'ராணி நுழைகிறாள், கூடவே நாயும்' என்ற வரியில் பென்சிலை வைத்தார் மிஸஸ் டிரான்டர். லண்டன் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவர்.

"புரொஃபசர், 1612ல அச்சான மூலத்துல நாயே இல்ல. மறுபதிப்புலயாவது எடுத்துடலாமா?"

ஹெஸ்கெத் சிரித்தார். அந்தப் பழைய நாடகத்தை நாற்பது வருடம் முன்பு ஒருவர் பதிப்பித்திருந்தார்; இப்போது மறுபதிப்பாகும் அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுத அவரை விட்டால் ஆள் கிடையாது.

"எடுக்கிறதா? அந்த நாயை வச்சுத்தாம்மா நான் டாக்டர் பட்டமே வாங்கினேன்! எல்லாரும் ராணியைக் கைவிட்டப்புறமும் கூட வர்ற ஒரே ஜீவன். விசுவாசத்தோட சின்னம்! நாய் இல்லாம இந்த நாடகத்தை இப்ப யாரும் மேடையேத்தறதே இல்ல."

"மூலத்துல இல்லாத நாய் எங்கிருந்து வந்துச்சு?"

"அந்தப் பதிப்பாசிரியர் ஏதாவது கையெழுத்துப் பிரதியைப் பார்த்திருப்பார். ஆதாரமில்லாம ஒரு எழுத்துகூடச் சேர்க்காத மனுஷன். புத்தகம் அச்சாகறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார், பாவம்."

"அவர் கைப்பட எழுதல, புரொஃபசர். வாயால சொல்லச் சொல்ல ஒரு பொண்ணு டைப் அடிச்சா. 'ராணி நுழைகிறாள்'னார். அந்த நேரம் பார்த்து அவர் வீட்டு நாய் கதவைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. 'கூடவே நாயும்'னு அலுத்துக்கிட்டார். அவ அதையும் சேர்த்து அடிச்சுட்டா."

"யாரும்மா உங்ககிட்ட இப்படிக் கதை விட்டது?"

"அந்தப் பொண்ணே நான்தான்."

ஹெஸ்கெத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "இருந்தாலும்... அந்த விசுவாசம்..."

"விசுவாசமா? என் பிஸ்கட்டைத் திருடத்தான் அது உள்ள வந்துச்சு!"