மணிக்கூண்டின் உச்சியில்

மணிக்கூண்டின் உச்சியில், ஊரே காலடியில் கிடக்க, ஒரு சக்கர நாற்காலி நின்றுகொண்டிருந்தது.

"நல்லாப் பாத்துக்கங்க மேடம்," என்று சுற்றுலா ஏற்பாட்டாளர் அந்தப் படம் இருந்த தன் கைப்பேசியைத் தங்கையிடம் நீட்டினார். "அக்காவுக்கும் காட்டுங்க."

அக்கா கைக்கெட்டும் தூரத்தில்தான், தன் சக்கர நாற்காலியில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாக் கேள்விகளும் அவள் தலைக்கு மேலாகப் பறந்து தங்கையைப் போய்ச் சேர்ந்தன.

"இந்த மாதிரி ஸ்பெஷல் கேஸுக்கெல்லாம் நாங்க தனி கவனிப்பு மேடம். அக்கா தானாவே சாப்பிடுவாங்கதானே?"

"கடிக்கவும் செய்வேன்," என்றாள் அக்கா.

தங்கை அவள் தோளைக் கிள்ளினாள். "சும்மா இரு அக்கா. இந்த லீவுக்காக எங்க மேனேஜர் கால்ல விழாத குறை. இவரையும் நீ விரட்டிட்டேன்னா அவ்வளவுதான், இனி எனக்கு லீவு கிடைக்காது."

அக்காவுக்குப் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தும் வேலை. அச்சில் வரும் எதையும் அவள் லேசில் நம்புவதில்லை. சுற்றுலா விளம்பரங்களை அறவே நம்புவதில்லை. போன வருடம், 'அனைவரும் வரலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த வேறொரு கம்பெனியோடு புறப்பட்டாள். போன இடமெல்லாம் படிக்கட்டு. மற்றவர்கள் இறங்கிப் போய் ஊரைப் பார்த்தார்கள். அவள் பஸ்ஸிலேயே உட்கார்ந்து அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொண்டாள்.

இன்னொரு முறை அந்தக் காவல் வேலைக்கு அவள் தயாராக இல்லை.

"என் வண்டி எல்லா இடத்துக்கும் போகும்னு எல்லாரும்தான் சொல்றாங்க. வாய்க்கு என்ன வாடகையா கொடுக்கப் போறீங்க?"

"நம்மகிட்ட வாய்ப்பேச்சே கிடையாது," என்றார் அவர், இப்போதும் தங்கையைப் பார்த்து. "வீல்சேரைக் கையோட கொண்டுபோய், ஒவ்வொரு இடமா நானே செக் பண்ணிட்டு வந்திருக்கேன். படங்களைத் தள்ளிப் பாக்கச் சொல்லுங்க."

அக்கா கைப்பேசியை வாங்கி, உதட்டைச் சுழித்தபடி படங்களைத் தள்ளினாள். பழைய நாடக அரங்கின் முதல் வரிசையில் அதே நாற்காலி. ஓவியக் கூடத்தின் மேல்மாடியில் அதே நாற்காலி. தெருப்பாடகர்கள் கூடும் ஆற்றோரத்தில், தண்ணீரைத் தொட்டுவிடும் தூரத்தில், அதே நாற்காலி. எந்தப் படத்திலும் அதில் ஆளில்லை; தனக்கென்று யாரோ பிடித்து வைத்த இடம்போல் இருந்தது அவளுக்கு.

சுழித்த உதடு மெல்ல இறங்கியது. இதுவரை போனதில்லை என்றாலும், கல்லூரி நாளிலிருந்தே அந்த ஊரின் வரைபடம் அவளுக்கு மனப்பாடம். எந்தச் சந்தில் எந்த வாத்தியம் கேட்கும் என்பதைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஒவ்வொரு காலி இருக்கையிலும் தன்னை உட்கார்த்திப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

இவரைப் போய் இவ்வளவு மட்டமாக நினைத்தோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பேசத் தெரியவில்லை, ஆனால் வேலை தெரிந்திருக்கிறது. அவள் பார்த்த மற்றவர்கள் எல்லாம் இதற்கு நேர்மாறு.

"சரி, நாங்க வர்றோம்," என்றாள்.

தங்கை வாயைப் பிளந்தாள். ஏற்பாட்டாளர் முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"முதல்ல அந்த மணிக்கூண்டுக்குத்தான் போகணும். லிஃப்ட் எந்தப் பக்கம் இருக்கு?"

"லிஃப்டா? அங்க ஏது மேடம் லிஃப்ட்?" அவர் பெருமையோடு தன் தோளைத் தட்டிக் காட்டினார். "வண்டியை மடக்கி இதுல போட்டுக்கிட்டு அத்தனை படியும் ஏறிட்டேன். கனமே இல்லை!"