பத்து மணிக்காரர்

“இப்ப உடனே வர முடியாதுடி. இங்க ஒருத்தர் என்னையே நம்பி இருக்கார்” என்று ஃபோனில் சொன்னார் மேட்ரன் அம்மா.

மறுமுனையில் மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறைமாதக்காரி அவள், டாக்டர் தேதியும் சொல்லியாகிவிட்டது. அறுபத்தாறு வயது அம்மா இப்படிச் சொன்னால் பெற்ற பெண் என்னதான் நினைப்பாள்?

யாரும்மா அது என்று அழாத குறையாகக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

முப்பத்தெட்டு வருடம் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே கட்டி மேய்த்தவர் மேட்ரன் அம்மா. ஓய்வு பெற்ற முதல் மாதம் ஆசை தீரத் தூங்கினார். அடுத்த மாதம் துடைத்த அலமாரியையே துடைத்தார். இது சரிப்படாது என்று, தனியாக இருக்கும் முதியவர்களோடு ஃபோனில் பேசும் தொண்டு அமைப்பில் சேரக் கிளம்பினார். போன அவசரத்தில் கண்ணாடியை மறந்தாலும், மேசையில் கிடந்த படிவத்தைக் குத்துமதிப்பாக நிரப்பிக் கொடுத்துவிட்டார். தினமும் பத்து மணிக்கு வீட்டு லேண்ட்லைனுக்கு ஃபோன் வரும் என்றார்கள்.

வந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர், மனைவியை இழந்தவர். எடுத்த எடுப்பில் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று இவரைத்தான் விசாரிப்பார். தன் கஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்படும் நோயாளிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார் மேட்ரன் அம்மா! மனுஷன் வாயைத் திறக்கட்டுமே என்று தன் கதையையெல்லாம் எடுத்து விடுவார். அவரும் ஒரு மணி நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பார், பாவம். ஆறு மாதமாக ஒரு நாள் தவறவில்லை.

“அவரை அம்போன்னு விட்டுட்டு எப்படி வர்றது?”

“அப்ப நான் அம்போன்னு கிடக்கவா?” என்றாள் மகள்.

அது சுருக்கென்று தைத்தது. மத்தியானமே அமைப்பின் அலுவலகத்துக்குப் போய், பொறுப்பாளரான பெண்ணிடம் ஒரு மாதத்துக்கு மாற்று ஆள் கேட்டார். சும்மா கேட்கவில்லை, வார்டு பொறுப்பை ஒப்படைப்பதுபோல ஆயிரம் நிபந்தனை. ஆள் பொறுமைசாலியாக இருக்க வேண்டும், பத்து மணி என்றால் பத்து மணிதான், அவசரமாக ஃபோனை வைக்கக் கூடாது.

கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவருக்கு நான் வேணும்மா. உண்மையச் சொன்னா, காலையில எழுந்திரிக்க எனக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கு.”

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் மேட்ரன் அம்மாவின் பெயரைத் தேடினாள். திரையை ஒருமுறை பார்த்தாள், மேட்ரன் அம்மாவைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“எங்க தொண்டர் அவர்தாம்மா, உங்களைத் தனியா விட மனசில்லாம, மகன் அனுப்பின டிக்கெட்டை ரெண்டு தடவை கேன்சல் பண்ணிட்டார்.”