முப்பதாவது நாள்

பதினொன்று போதாது. பன்னிரண்டு வேண்டும்.

"பதினோரு சாவை வெச்சுக்கிட்டு நிதிக் குழு முன்னாடி நான் என்ன தாளமா போடறது?" அன்று காலைதான் தலைமையகத்திலிருந்து வந்திறங்கிய அதிகாரி, கோப்பு ஒன்றை மேசைமேல் போட்டார்.

திட்டப் பொறியாளர் அதை எடுத்துப் பிரித்தாள். புறநகரையும் நகரையும் இணைப்பது ஒரே சாலை. விடிந்ததும் வண்டிகள் அதில் நத்தையாக ஊரத் தொடங்கிவிடும். மாற்றாக ஒரு விரைவுச்சாலையை அவள் வரைந்து ஆறு வருடமாகிறது. மூன்று முறை நிதி கேட்டாயிற்று. மூன்று முறையும் கையை விரித்துவிட்டார்கள்.

விதி இதுதான். பழைய சாலையில் அந்த வருடம் பன்னிரண்டு பேராவது இறந்திருக்க வேண்டும். அதுவும் விபத்து நடந்து முப்பது நாளுக்குள். முப்பத்தொன்றாம் நாள் போகிறவர் வெறும் நோயாளி.

கோப்பிலிருந்த சாவுப் பட்டியலின் கடைசி வரி மட்டும் பென்சிலில் இருந்தது. ஆண். வயது இருபத்திரண்டு. இருசக்கர வாகனம். செயற்கைச் சுவாசம்.

"இவனுக்கு இன்னைக்கு எத்தனாவது நாளும்மா?"

"முப்பது சார்."

"அடப்பாவி, இழுத்துக்கிட்டே கெடக்கானே! நேர்ல ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க. எழுந்து உக்காந்து காப்பி கேட்டான்னா நம்ம பொழப்பு நாறிடும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. மூலையிலிருந்த வரைவாளர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மருத்துவமனை நாலே கிலோமீட்டர். நெரிசலில் ஐம்பது நிமிடம் பிடித்தது. விபத்தன்று ஆம்புலன்ஸுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் பிடித்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். மூளையில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று ஒரு வாரமாகச் சொல்லிவருகிறவர். சுவாசக் குழாயை எடுப்பதற்கான ஒப்புதல் படிவமும் ஒரு வாரமாக அவர் மேசையில் வெறுமையாகவே கிடந்தது.

"அவசரமே இல்லம்மா. நிதானமா யோசிங்க. நாளைக்குப் போட்டாலும் ஒண்ணுதான்."

"இல்ல. இன்னைக்கே."

முதலில் தேதியை எழுதினாள். பிறகு கையெழுத்து.

உறவுமுறை என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது.

தாய், என்று எழுதினாள்.