பெட்டி மேல் உட்கார்ந்தவள்

மாரிசெல்வி டிரங்குப் பெட்டியின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“பெட்டி வேணும்னா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க.”

“கவர்மென்ட் கூப்பிட்டா நான் என்னட்டி செய்ய?” என்றான் இசக்கிராஜ். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு, ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கி, போன வருடம்தான் மும்பை தாராவிக்கு வந்து சேர்ந்தவன். வந்தாலும் இரண்டு வருடத்துக்குப் பெயர் ரிசர்வ் பட்டியலில் இருக்கும். கூப்பிட்டால் போயாக வேண்டும். நேற்றுத் தபாலில் கூப்பிட்டுவிட்டார்கள்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் புருஷனோடு இருந்தது வருடத்துக்கு இரண்டு மாத லீவுதான். மீதியெல்லாம் போன் பேச்சு. பாவம், இப்போதுதான் ஒரு முழு வருடம் ஆளைக் கண்ணால் பார்த்திருக்கிறாள், அதற்குள் இப்படி. விடுவாளா?

அவனை இழுத்துக்கொண்டு நெல்லையப்பனின் மளிகைக் கடைக்குப் போனாள். அந்தத் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அண்ணாச்சிதான்.

“கவலப்படாத தாயி, விலக்கு கேட்டு ஒரு மனு போட்ருவோம். மாப்ள, அந்த லெட்டரக் காட்டும்.”

“அது ராணுவ ரகசியம் அண்ணாச்சி. வெளியாளுக்குக் காட்டப்புடாது.” இசக்கிராஜ் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான்.

“க்யா ரகசியம்? கட்டினவளுக்குமா?” என்றாள் மாரிசெல்வி.

“உனக்குந்தான்.”

அண்ணாச்சிக்கு அவன்மேல் மரியாதை கூடிவிட்டது. கடிதத்தைப் பார்க்காமலே மனுவை டைப் அடித்து வாங்கினார். மகள் எட்டாவது படிக்கிறாள், வீட்டில் வேறு ஆண் துணை இல்லை, தயவுசெய்து விட்டுவிடுங்கள். மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடியில் கையெழுத்துப் போட்டாள்.

“என்ன தாயி, இந்தியில போடுத?”

“நான் இங்கனயே லேபர் கேம்ப்ல பொறந்தவ அண்ணாச்சி. படிச்சது ஹிந்தி ஸ்கூலு. தமிழ்ல ‘அ’னா கூட எழுத வராது.”

இசக்கிராஜ் அந்தக் கையெழுத்தை எட்டிப் பார்த்தான். கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி இரண்டு டம்ளர் குடித்தான்.

“எதுக்குக் காலிபீலி வெட்டி அலைச்சல்? மனுவெல்லாம் அங்க எடுபடாது,” என்றான். அவனை யார் கேட்டார்கள்?

மறுநாள் காலை கொலாபா ராணுவ அலுவலகத்தில், ஒரு வேலூர்க்கார சுபேதாரின் மேஜைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். இசக்கிராஜ் குதிகால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தான். அறையே அதிர்ந்தது.

மாரிசெல்வி திரும்பிப் பார்த்தாள். ஒரு வருடமாக அவனுக்குச் செம்பூரில் வாட்ச்மேன் வேலை. நேற்று முளைத்த பயல்களெல்லாம் காரில் இருந்தபடி “ஏ வாட்ச்மேன்!” என்று கத்த, ஓடி ஓடி கேட் திறந்து முதுகு வளைந்து போனவன். இத்தனை நெட்டையான ஆள் தன் புருஷன் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

சுபேதார் மனுவைப் படித்தார். பைலைத் தேடி எடுத்தார்.

“விலக்கா? எதுக்கும்மா? இந்தத் தடவை யாரையும் கட்டாயப்படுத்தலையே. விருப்பம்னு எழுதிக் கொடுத்தவங்களைத்தான் கூப்பிட்டிருக்கோம். உங்க வீட்டுக்காரர் மூணு மாசம் முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டார். சம்சாரத்தோட சம்மதக் கடிதம்கூட வச்சிருக்கார்.”

மாரிசெல்வி புருஷனைப் பார்த்தாள். புருஷன் சுவரைப் பார்த்தான்.

சுபேதார் சம்மதக் கடிதத்தையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியை மாட்டினார். கடிதத்தில் தமிழ்க் கையெழுத்து, மனுவில் இந்திக் கையெழுத்து. அவர் குரல் மாறிவிட்டது.

“ஹவில்தார், இது என்னய்யா? பொய்க் கையெழுத்துன்னா கேஸ் ஆயிடும், தெரியுமில்ல? பென்ஷனே போயிடும்.”

அந்தத் தமிழ்க் கையெழுத்து இசக்கிராஜ் போட்டதுதான். பெண்டாட்டி எந்த மொழியில் கையெழுத்துப் போடுவாள் என்று பதினைந்து வருடத்தில் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா? போனிலேயே குடும்பம் நடத்தினால் அது எப்படித் தெரியும்!

“நீங்க பயப்படாம சொல்லுங்கம்மா. இதுல எது உங்க கையெழுத்து?”

மாரிசெல்வி தமிழ்க் கையெழுத்தைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், குண்டு குண்டாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறான் என்பது தெரிந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அங்கேயே நாலு அறை விடலாம் போலவும் இருந்தது, உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது.

பக்கத்தில் அவன் கால்களைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தன. குதிகால்கள் மட்டும் ஒட்டியே இருந்தன.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தமிழ்க் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இதுதான் சார் என்னோடது. அந்த மனுவ விட்ருங்க,” என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“பெட்டிய நானே தூக்கிட்டு வாரேன்.”