சுவரில் வைத்த கருவி

அனுமதியில்லாமல் குடியேறியவர்களை வெளியேற்றும் மாநிலச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று அந்த மண்டபம் காலையிலிருந்து இரண்டுபட்டுக் கத்திக்கொண்டிருந்தது. பேச வருகிறவர்களின் கைரேகையைக் கருவியில் சரிபார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள் பொற்கொடி. கொத்தனார் நிதாய் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தும் கருவியில் சிவப்பு விளக்கே எரிந்தது. அவருடைய விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தாள். கூழாங்கல்லாக வழவழத்தன.

“ரேகையெல்லாம் எங்கங்க?”

“சிமெண்டுல போயிடுச்சு மேடம். இந்த மண்டபத்தைப் பூசினதுலயே பாதி போச்சு.”

“ரேகை இல்லாதவனுக்கு இங்க என்ன பேச்சு? வெளிய அனுப்புங்க” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

நிதாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். பொற்கொடிக்கு என்ன தோன்றியதோ, கருவியைத் தூக்கிப் பக்கத்துச் சுவரில் வைத்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

கூச்சல் அடங்கியது. “யார் பேரும்மா வருது?” என்று மேடையிலிருந்து தலைவர் கேட்டார்.

“நிதாய்” என்றாள். கருவியின் திரையில் அதற்குக் கீழே இன்னொரு பெயர் வந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. அவள் வாசித்துக்கொண்டே போனாள், பெயர்கள் நிற்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக முதுகை எடுத்துக்கொண்டார்கள்.